நம்ம ஆதார் நகல் யார் யார் கண்ணில் படுகிறது? – ஷேர்டு ஃபோல்டருக்குப் பூட்டுப் போடும் பாடம்

"அக்கா, ஆதார் கார்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. பேங்க் பாஸ்புக் முதல் பக்கமும் வேணும்."

புதிதாக வேலைக்குச் சேரும் பலருக்கு முதல் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்தில் உள்ள ஒரு பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்கும், சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுவதற்கும் இந்த ஆவணங்கள் தேவைதான். கேட்டதில் தவறு இல்லை. அவரும் நம்பி அனுப்பிவிடுகிறார். சரி, அதுக்கப்புறம் அந்தப் போட்டோ எங்கே போகிறது?

ஆபீஸ் போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே 'காமன்' என்றோ 'ஆபீஸ்' என்றோ பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் விழும். அந்த ஃபோல்டர் ஆபீஸில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். பில் போடுகிறவர், டிசைன் வரைகிறவர், ஒரு மாதப் பயிற்சிக்கு வந்த மாணவர் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம், தெரியாமல் டெலிட்டும் செய்யலாம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த ஃபோல்டருக்குக் கதவே இல்லை.

அந்தக் கதவை எப்படிப் போடுவது என்பதுதான் இந்த மாதப் பாடம். இரண்டு, மூன்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டறை, ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு எல்லோருக்கும் இது பொருந்தும். கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் படியுங்கள். உங்கள் ஆவணம் யாரோ ஒருவருடைய ஃபோல்டரில்தான் இருக்கிறது. என்ன கேட்கலாம் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

முதலில் பேப்பர், பிறகு மவுஸ்

பலரும் நேராக செட்டிங்ஸைத் திறந்து தடுமாறுவார்கள். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விக்கு விடை எழுதுங்கள். என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன? ஒவ்வொன்றும் யாருக்கு, எதற்குத் தேவை?

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன பீங்கான் பட்டறை. ஃப்யூஸ் கேரியர், டீ கப், கொலு பொம்மை செய்கிறார்கள். ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர். உரிமையாளர், கணக்கர், சூளை மேற்பார்வையாளர் என மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் ஒரே 'காமன்' ஃபோல்டரில் கிடக்கிறது. அதை இப்படிப் பிரிக்கலாம்:

1. 'ஆர்டர்' ஃபோல்டர்: எந்தக் கடைக்கு எத்தனை உருப்படி, என்றைக்கு அனுப்ப வேண்டும் என்ற விவரம். உரிமையாளரும் கணக்கரும் எழுதலாம். மேற்பார்வையாளர் பார்த்தால் போதும்.

2. 'கிளேஸ்' ஃபோல்டர்: மெருகுப் பூச்சின் கலவை விகிதம், சூளையின் வெப்பக் கணக்கு. இது பட்டறையின் தொழில் ரகசியம். உரிமையாளர் எழுதலாம், மேற்பார்வையாளர் பார்க்கலாம். கணக்கருக்குத் தேவையில்லை.

3. 'ஊழியர்' ஃபோல்டர்: ஆதார், பாஸ்புக் நகல், சம்பளப் பட்டியல். உரிமையாளருக்கும் கணக்கருக்கும் மட்டும். மேற்பார்வையாளருக்குத் திறக்கவே கூடாது.

கவனித்தீர்களா? மூன்று பேரும் நம்பிக்கையானவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் திறக்கிறோம். இதைக் கணினித் துறையில் 'குறைந்தபட்ச உரிமை' என்பார்கள். ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1975-ல் எழுதிய கட்டுரையில் விளக்கிய பாதுகாப்பு நெறிகளில் இதுவும் ஒன்று. ஐம்பது வருஷம் கழித்தும் இதுதான் அடிப்படை.

இதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு ஒரு ஃபைல் வெளியே போனால், அதைத் திறக்கவே முடியாதவர் மீது சந்தேகம் வராது. பூட்டு அவரையும்தான் காப்பாற்றுகிறது.

ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு

பல ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு இருக்கும். மானிட்டர் ஓரத்தில் சீட்டு எழுதி ஒட்டியும் இருப்பார்கள். இதில் இரண்டு சிக்கல். யார் என்ன செய்தார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லோருக்கும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்தே யாரும் மாற்றுவதில்லை.

அதனால், ஃபோல்டர்கள் இருக்கிற கம்ப்யூட்டரில் மூன்று பேருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்குங்கள். விண்டோஸில் 'செட்டிங்ஸ்' போய், 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' என்ற இடத்தில் இதைச் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலும் உள்ளூர்க் கணக்கு தொடங்க அங்கேயே வழி இருக்கிறது.

இரண்டு விஷயம் முக்கியம். அன்றாட வேலைக்கான கணக்கு 'ஸ்டாண்டர்டு யூசர்' ஆக இருக்கட்டும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' உரிமை கொடுத்தால், நீங்கள் போடும் எந்தப் பூட்டையும் அவரே கழற்றிவிட முடியும். அடுத்து, பாஸ்வேர்டு கட்டாயம் வேண்டும். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வைத்துக்கொண்டு இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வர விண்டோஸ் வழக்கமாக அனுமதிக்காது. "எல்லாம் சரியா செஞ்சேன், ஆனா திறக்கல" என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

கேட் ஒன்று, அறைக் கதவு ஒன்று

ஒரு ஃபோல்டருக்கு விண்டோஸில் இரண்டு பூட்டு உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

'ஷேரிங்' என்பது காம்பவுண்ட் கேட். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு மட்டும் இது பொருந்தும். 'செக்யூரிட்டி' என்பது அறைக் கதவு. நெட்வொர்க்கில் வருகிறவர், அதே கம்ப்யூட்டரில் நேராக உட்காருகிறவர் இருவருக்குமே பொருந்தும். நெட்வொர்க்கில் வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது கெடுபிடியோ அதுதான் செல்லும். கேட்டில் 'மாற்றலாம்' என்று இருந்து, அறைக் கதவில் 'பார்க்கலாம்' என்று மட்டும் இருந்தால், அவரால் பார்க்க மட்டும்தான் முடியும்.

கேட்டை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது பலரும் செய்யும் தவறு. மதியம் சாப்பிடப் போனபோது அந்தக் கம்ப்யூட்டரில் வேறொருவர் தன் கணக்கில் உட்கார்ந்தால், கேட் எந்த வேலையும் செய்யாது.

செய்முறை: 'ஊழியர்' ஃபோல்டரைப் பூட்டுவோம்

படி 1. முதலில் மொத்த ஃபைல்களையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கழற்றி வையுங்கள். கை தவறினாலும் பயமில்லை.

படி 2. 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' என்பது ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஷேர் ஆகலயா? இத ஆஃப் பண்ணிடுங்க" என்று சொல்லித்தரும் வீடியோக்கள் நிறைய. ஆஃப் செய்தால், எல்லோருக்கும் என்று ஷேர் செய்த ஃபோல்டருக்கு பாஸ்வேர்டே கேட்காத நிலை வரும். உங்கள் வைஃபையில் இணைந்த விருந்தாளிக்கும் அது திறக்கலாம்.

படி 3. பழைய 'காமன்' ஃபோல்டரின் ஷேரை நீக்குங்கள். மூன்று ஃபோல்டரையும் தனித்தனியாக ஷேர் செய்யுங்கள். முழு டிரைவையும் ஷேர் செய்யாதீர்கள்.

படி 4. 'ஊழியர்' ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்', 'அட்வான்ஸ்டு ஷேரிங்', 'பெர்மிஷன்ஸ்' என்று போங்கள். அங்கே 'எவ்ரிஒன்' என்ற பெயர் உட்கார்ந்திருக்கும். அதை நீக்குங்கள். உரிமையாளர், கணக்கர் கணக்குகளை மட்டும் சேர்த்து 'சேஞ்ச்' உரிமை கொடுங்கள். பார்க்க மட்டும் விட வேண்டிய ஃபோல்டர் என்றால் 'ரீட்' போதும். 'ஃபுல் கண்ட்ரோல்' என்பது உரிமைகளையே மாற்றும் அதிகாரம் வரைக்கும் போகும். அன்றாட வேலைக்கு அது வேண்டாம்.

படி 5. இப்போது அறைக் கதவு. அதே ப்ராப்பர்ட்டீஸில் 'செக்யூரிட்டி' டேப்புக்குப் போய் 'அட்வான்ஸ்டு' தட்டுங்கள். ஒரு ஃபோல்டர் தன் மேல் ஃபோல்டரின் உரிமைகளை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் நாம் சேர்க்காத பெயர்களும் பட்டியலில் தெரிகின்றன. 'டிசேபிள் இன்ஹெரிடன்ஸ்' தட்டி, உரிமைகளை 'கன்வெர்ட்' செய்யும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். முதலில் உரிமையாளர், கணக்கர் பெயர்களைச் சேர்த்து 'மாடிஃபை' உரிமை கொடுங்கள். அதன் பிறகு 'யூசர்ஸ்', 'அதென்டிகேட்டட் யூசர்ஸ்', 'எவ்ரிஒன்' ஆகிய பொதுப் பெயர்கள் இருந்தால் நீக்குங்கள். 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' இரண்டையும் தொடாதீர்கள்.

படி 6. இதுதான் பலரும் விட்டுவிடும் படி: சோதித்துப் பாருங்கள். மேற்பார்வையாளரின் கணக்கில் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து 'ஊழியர்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். "அனுமதி இல்லை" என்று வர வேண்டும். பிறகு அதே கணக்கில் ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பாருங்கள். அங்கேயும் அப்படியே வர வேண்டும். கணக்கரின் கணக்கில் திறக்க வேண்டும், ஒரு ஃபைலைத் திருத்திச் சேமிக்கவும் முடிய வேண்டும். திறக்க வேண்டியவருக்குத் திறக்கிறதா, திறக்கக் கூடாதவருக்கு மூடுகிறதா என்று இரண்டையும் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

இங்கேதான் வழுக்கும்

'டினை' என்று ஒரு கட்டம் இருக்கும். 'எவ்ரிஒன்'-க்கு நேராக அதில் டிக் போட்டால் பூட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த 'எல்லோரில்' நீங்களும் அடக்கம். உங்களையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளும். வேண்டாதவரைத் தடுக்க, அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டாலே போதும்.

ஃபோல்டர் பெயரின் கடைசியில் டாலர் குறி போட்டு ஷேர் செய்தால் பட்டியலில் தெரியாது. அது மறைப்புதான், பூட்டு அல்ல. பெயர் தெரிந்தவர் நேராகத் தட்டச்சு செய்து போய்விடலாம்.

பென் டிரைவில் இருக்கும் ஃபோல்டரில் 'செக்யூரிட்டி' டேப் வரவில்லையா? பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருக்கும். அவற்றில் இந்த அறைக் கதவே கிடையாது. ஃபோல்டரை என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் உள்ள டிரைவுக்கு மாற்றுங்கள்.

பொதுவாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ஷேரைத் திறக்கும்போது 'ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்' என்று கேட்கும். அதில் டிக் போடாதீர்கள். போட்டால் அந்தக் கணக்கில் அடுத்து உட்காருகிறவருக்கு உங்கள் சாவியைக் கொடுத்த மாதிரி.

இன்னொன்று, கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனால் இந்த உரிமைகள் காப்பாற்றாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துவிடலாம். அதற்கு 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' வசதி உங்கள் விண்டோஸில் இருந்தால் ஆன் செய்து, மீட்புச் சாவியை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் வந்த வைரஸ்

"நம்ம சின்ன ஆபீஸுக்கு யார் வரப் போறா?" என்று தோன்றும். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை காலை நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், வயநாடு மாவட்டம் தரியோடு, பத்தனம்திட்டா மாவட்டம் அருவாப்புலம் ஆகிய இரண்டு கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களிலும் அதே மிரட்டல் திரை தெரிந்தது. லண்டனுக்குப் போன வைரஸ் கிராமப் பஞ்சாயத்துக்கும் வந்தது.

அது பரவிய வழி எது தெரியுமா? விண்டோஸில் ஃபோல்டர் ஷேர் செய்யப் பயன்படும் 'எஸ்.எம்.பி.' என்ற ஏற்பாட்டின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின.

இதில் ஒரு நேர்மையான குறிப்பு சொல்ல வேண்டும். நாம் மேலே போட்ட பூட்டு மட்டும் வான்னாக்ரையைத் தடுத்திருக்காது. கதவில் பூட்டு சரியாக இருந்தும் சுவரில் ஓட்டை இருந்த கதை அது. அந்த ஓட்டையை அடைப்பது அப்டேட். ஆனால், பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்கள் பல இன்னொரு வழியில் வருகின்றன. யாரோ ஒருவர் மெயிலில் வந்த ஃபைலைத் திறப்பார். அவர் கணக்குக்கு எந்தெந்த ஷேர்டு ஃபோல்டரில் எழுதும் உரிமை இருக்கிறதோ, அங்கெல்லாம் வைரஸ் அவர் பெயரிலேயே போய் எழுதும். அவருக்கு 'ரீட்' மட்டும் இருந்தால், அவர் கணக்கை வைத்து அந்த ஃபோல்டரைப் பூட்ட முடியாது. அங்கேதான் நம் தாளில் போட்ட கணக்கு கைகொடுக்கும்.

ஆகவே மூன்றும் வேண்டும்: பூட்டு, அப்டேட், கழற்றி வைத்த காப்பி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் 'எஸ்.எம்.பி. 1.0' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால், ரவுட்டரில் 'கெஸ்ட்' வைஃபை தனியாக வைத்துக் கொடுங்கள்.

போனிலும் இதே பாடம்தான்

கம்ப்யூட்டர் நெட்வொர்க் இல்லாமல் எல்லாமே கூகுள் டிரைவில் வைத்திருக்கிறீர்களா? அங்கேயும் இதே கதைதான். 'லிங்க் இருக்கும் எவரும்' என்று வைத்தால் அதுதான் அங்கே 'எவ்ரிஒன்'. லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் அவ்வளவுதான். 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றி, தேவையானவரின் மெயில் முகவரியை மட்டும் சேர்த்து, 'வியூவர்' போதுமா 'எடிட்டர்' வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். இப்போதே உங்கள் டிரைவைத் திறந்து, ஒரு ஃபோல்டரையாவது பாருங்கள். மறந்துபோன பழைய ஷேர் ஒன்று கிடைக்கலாம்.

ஆவணம் கொடுக்கிறவர் என்ன செய்யலாம்?

முதலில் சொன்ன கம்மாபுரத்து அக்காவுக்கு வருவோம். அவர் கையிலும் சில வழிகள் இருக்கின்றன.

முழு எண் தேவைப்படாத இடத்தில், 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். அதில் முதல் 8 எண்கள் மறைந்து, கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் இதைப் பதிவிறக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். பதிவு முடிந்ததும், "போன்ல இருக்கிற போட்டோவ அழிச்சிட்டீங்களா? கம்ப்யூட்டர்ல யார் யார் பார்க்க முடியும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தவறே இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைக் கையாளுகிறவர் அதற்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அனுமதி இல்லாமல் பிறர் கம்ப்யூட்டரில் நுழைந்து, கெட்ட எண்ணத்தோடு தகவலை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

உங்கள் ஆவணத்தை வைத்துப் பண மோசடி நடந்தது தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

மாதம் ஒரு முறை, பத்து நிமிஷம்

பூட்டுப் போட்டதோடு வேலை முடிவதில்லை. ஆட்கள் மாறுவார்கள், வேலை மாறும். ஒவ்வொரு மாதமும் சம்பளம் போடும் நாளில் இந்த ஐந்தையும் சரிபாருங்கள்:

• வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நிறுத்திவிட்டோமா?

• எந்த ஃபோல்டரிலாவது 'எவ்ரிஒன்' திரும்ப வந்திருக்கிறதா?

• வேலை முடிந்த, சட்டப்படி வைத்திருக்கத் தேவையில்லாத ஆதார் நகல்களை அழித்தோமா? ரீசைக்கிள் பின்னிலும், வாட்ஸ்அப் கேலரியிலும் சேர்த்து?

• அப்டேட் நிலுவையில் இருக்கிறதா?

• வெளி டிஸ்க்கில் எடுத்த காப்பி திறக்கிறதா?

முதலில் எழுதிய அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாருக்கு எந்தச் சாவி என்பதற்கு அதுதான் பதிவேடு. புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால், முதலில் அந்தத் தாளில் அவர் பெயரை எழுதுங்கள். அதன்படி கம்ப்யூட்டரில் கணக்கு தொடங்குங்கள். அதற்குப் பிறகு அவரிடம் ஆதார் நகல் கேளுங்கள். அவர் அனுப்பும் போட்டோ போய்ச் சேரும் ஃபோல்டருக்குக் கதவு இருக்கும்.